அம்பாரியைக் கட்டும் கயிறு

மைசூர் தசரா ஊர்வலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அம்பாரி 750 கிலோ, அதில் தங்கம் எத்தனை கிலோ, இன்றைய விலைக்கு எத்தனை கோடி... இப்படி. எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஆர்வம் இல்லை. அந்த 750 கிலோ கீழே விழாமல் எப்படி நிற்கிறது என்பதுதான் ரொம்ப நாளாக மனதில் ஓடிய கேள்வி. ஆணி கிடையாது, போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. நடக்கிற, மூச்சு விடுகிற, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிற ஒரு உயிரின் முதுகில் வெறும் கயிற்றை நம்பி வைத்து, லட்சக்கணக்கான பேர் பார்க்க, சுமார் ஐந்து கிலோமீட்டர் கொண்டு போகிறார்கள்.

இப்படி ஒரு கேள்வி எனக்கு ஏன் வரவேண்டும் என்றால், நான் பிழைப்புக்கு வந்து சேர்ந்த இடம் அப்படி. டெட்ராய்ட் பக்கம். இங்கே ஆகஸ்ட் மாதம் வந்தால் ஊரே பழைய கார் பைத்தியம் பிடித்து அலையும். வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்று 1995-லிருந்து நடக்கிற திருவிழா. நம்ம ஊர் தேர்த்திருவிழா மாதிரிதான், சாமி மட்டும் மிஸ்ஸிங் :-) அதற்கு வருகிற பழைய கார்களில் நிறைய கார்கள் தாமாக ஓடி வருவதில்லை. டிரெய்லரில் ஏறித்தான் வருகின்றன. ஓனர் அதை ஏற்றிக் கட்டுகிற விதத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தாய் தோற்றுப்போவாள். அலுவலக நண்பர்களோடு சேர்ந்து நானும் சில வருடங்கள் இந்தக் கட்டும் வேலையில் ஒத்தாசை செய்திருக்கிறேன். அதன் பிறகு தசரா ஊர்வலத்தை டிவியில் பார்க்கும்போதெல்லாம் என் கண் தானாகவே யானையின் வயிற்றுப்பக்கம் போய்விடுகிறது.

முதலில் காரை எப்படிக் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மைசூர்க்காரர்கள் செய்வதன் அருமை புரியும்.

கார் விஷயம்

டிரெய்லரில் காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் முதல் வேலை. மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும் என்பது இங்கே வழக்கு. அப்படி நிறுத்தினால் இழுக்கிற வண்டியின் கொக்கி மேல் 10-லிருந்து 15 சதவீத எடை உட்காரும். எடை பின்னால் போய்விட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் அடக்குவது மகா கஷ்டம்.

இரண்டாவது, எதை எதோடு கட்டுவது. காரின் உடம்பு ஸ்பிரிங் மேல் மிதக்கிறது. உடம்பைப் பிடித்துக் கட்டினால், ரோட்டில் ஒரு பள்ளம் வரும்போது ஸ்பிரிங் அமுங்கும், பட்டை தளரும், மறு நொடி வெடுக்கென்று இழுபடும். நூறு மைல் இப்படிப் போனால் கொக்கி கழன்றாலும் ஆச்சரியமில்லை. அதனால் பலபேர் அச்சையோ சக்கரத்தையோ பிடித்துக் கட்டுகிறார்கள். சக்கரம் அசையாது, உடம்பு தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டு வரும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும்படி பட்டைகள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேறு. (நம்ம தேருக்குப் போடுகிற அதே முட்டுக்கட்டை!)

மூன்றாவது, கணக்கு. சரக்கு லாரிகளுக்கான அமெரிக்க ஃபெடரல் விதி, பிரேக் அடிக்கும்போது முன்பக்கமாகப் பாயும் விசையாகப் புவியீர்ப்பில் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கு எடையில் குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும். தாங்குதிறன் என்பது அறுந்துபோகும் எடை அல்ல, சாதாரணமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான். கிளம்பி முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டைச் சரிபார்க்கவும் சொல்கிறது அந்த விதி. ஏன் 50 மைல்? புதுக்கட்டு ஓட ஆரம்பித்ததும் சரக்கு அமரும், பட்டை கொஞ்சம் நீளும், தளரும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களிடம் கேட்டால் விதி எண் தெரியாமலே இதைச் சொல்வார்கள். லோடு ஏற்றிக் கிளம்பி, கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் நிறுத்தி, கிளீனர் இறங்கிக் கயிற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது டீ குடிக்க மட்டும் இல்லை.

ஆக எடை எங்கே உட்கார்கிறது, எதைப் பிடித்துக் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எப்போது திரும்பப் பார்ப்பது என்று நாலு கேள்வி. சரி, இப்போது மைசூருக்குப் போவோம்.

அம்பாரி வந்த வழி

மைசூர் அரசர்கள் தசராவைப் பெரிய அரசு விழாவாகக் கொண்டாட ஆரம்பித்தது 1610-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில். ராஜ உடையார் காலம். விஜயநகரம் சரிந்த பிறகு அங்கே நடந்த நவராத்திரி விழாவின் வாரிசு நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்வது போன்ற ஒரு காரியம் அது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்து, தலைநகரம் மைசூருக்கு மாறியது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1805-ல் தசரா தர்பாரை அரண்மனையில் நடத்த ஆரம்பித்தார். 1897-ல் பழைய மர அரண்மனை தீயில் போய், இன்று நாம் பார்க்கிற அரண்மனை 1912-ல் கட்டி முடிந்தது. கட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டிடத்தைக் கட்டி முடித்த அதே இர்வின்தான்.

அந்தக் காலத்தில் விஜயதசமி அன்று அம்பாரியில் உட்கார்ந்து வந்தவர் மகாராஜா. 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அம்பாரியில் மகாராஜா இல்லை, சாமுண்டேஸ்வரி அம்மன் வருகிறாள். மாநில அரசு விழாவை எடுத்து நடத்துகிறது. முதலமைச்சர் மேடையிலிருந்து பூத் தூவ, 21 குண்டு முழங்க, யானை கிளம்புகிறது. உட்காருபவர் மாறினாலும், அம்பாரியைக் கட்டுகிற வேலையும் கட்டுகிறவர்களும் அப்படியேதான்.

அரண்மனைக்காரர்கள் கார்ப் பிரியர்களும்கூட. ரோல்ஸ் ராய்ஸை மைசூர் மகாராஜா ஏழு ஏழாகத்தான் வாங்குவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கார்கள் பிற்பாடு பல கை மாறின. இன்று மைசூர் பக்கம் போகிறவர்கள், ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே பெங்களூர் சாலையில் 'பயண' என்ற கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்கலாம். தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்டேயின் சேகரிப்பு அது. ஆனால் கார் நிற்கும் அழகு ஒன்று, அம்பாரி நகரும் அழகு வேறு.

முதுகும் மெத்தையும்

அம்பாரிக்கு உள்ளே மரச்சட்டம், மேலே தங்கத் தகடு. சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அது உட்கார வேண்டிய இடமோ உருண்டையான ஒரு முதுகு. யானையின் முதுகெலும்பு நடுவில் வரப்பு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். எடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்தால் யானைக்குக் காயம், அம்பாரிக்கு ஆட்டம். தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் விலாவின் மேல் பரவலாக இறங்கினால்தான் சரி.

அதனால் அம்பாரிக்கு முன்னால் மெத்தை ஏறுகிறது. அடியில் 'நம்தா', அதற்கு மேல் 'காதி' என்று பெரிய மெத்தை. சாக்கில் புல்லைத் திணித்துத் தைத்தது. உருண்டையான முதுகைத் தட்டையான மேடையாக மாற்றுவதும், விளிம்பு தோலில் குத்தாமல் காப்பதும், நடையின் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. டிரெய்லரில் ஸ்பிரிங் செய்கிற வேலையை இங்கே புல் செய்கிறது. மெத்தை, கயிறு, அம்பாரி எல்லாம் சேர்த்தால் யானையின் மேல் ஏறக்குறைய ஒரு டன்.

இன்னொரு சுவாரசியம். யானையின் உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தலையும் தும்பிக்கையும் தந்தமும் முன்னால் தொங்குகின்றன அல்லவா? மேலே சொன்ன டிரெய்லர் கணக்கோடு இந்த எண் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் விளைவு ஒன்றே. ஏற்கெனவே முன்னால் கனமாக இருக்கிற உடம்பு அது. அதன் மேல் இன்னும் ஒரு டன்னை வைக்கும்போது நாலு விரல் தள்ளி வைத்தாலும் வித்தியாசம் தெரியும். எப்படி வைக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்கவில்லை. பாகனின் கண்தான் அளவுகோல்.

கயிறு

கயிறு வயிற்றுக்குக் கீழே சுற்றி வருகிறது. கழுத்துப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. காருக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பட்டை போடுகிற அதே தர்க்கம். வயிற்றுக்கயிறு பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும். கழுத்துக்கயிறு பின்னால் நழுவாமல், வால்கயிறு முன்னால் நழுவாமல் பிடிக்கும். மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டின் வேலை கெட்டுவிடும்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கார் கட்டுகிறவனுக்கும் பாகனுக்கும் வித்தியாசம். ராட்சட் பட்டையை நான் நாலு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டால் கார் முனகாது. யானை மூச்சு விடுகிறது. விலா விரிந்து சுருங்குகிறது. ரொம்ப இறுக்கினால் மூச்சு முட்டும், தோல் உரியும், யானை நடக்க மறுக்கும். கொஞ்சம் விட்டால் ஒரு டன் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சரியான இறுக்கத்தை எந்தப் பட்டையிலும் அச்சடிக்க முடியாது. அந்த இறுக்கம் கையில்தான் இருக்கிறது. அந்தக் கை பாகன், காவடி குடும்பங்களுடையது. (யானைக்குத் துணைப்பாகனை 'காவாடி' என்கிறார்கள் கன்னடத்தில். நம்ம முதுமலைத் தெப்பக்காட்டிலும் காவடி என்றே சொல்கிறோம். காட்டுக்கு எல்லைக்கோடு தெரியாது.) அவர்களில் பலர் ஜேனு குருபர் போன்ற பழங்குடிகள். வனத்துறை முகாம்களில் அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று வேலையும் கயிறும் கைமாறுகின்றன.

யானைக்கு இன்னொரு வசதி உண்டு. எவ்வளவு வேகமாகப் போனாலும் அதன் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பாது. குதிரை மாதிரி பாய்ச்சல் கிடையாது. ஒரு டன் சரக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்காத வண்டி. அம்பாரிக்கு ஏன் யானை என்பதற்கு அரச கம்பீரம் ஒரு காரணம் என்றால், இதை இரண்டாவது காரணமாக நான் சேர்ப்பேன்.

ஒத்திகை

தசராவுக்கு இரண்டு மாதம் முன்பே யானைகள் மைசூர் வந்துவிடும். வந்ததும் முதல் காரியம் நகரத்து எடைமேடையில் ஏற்றி நிறுத்துவது. அம்பாரி சுமக்கும் யானை ஐந்து டன்னுக்கு மேல் இருக்கும். பிறகு தினமும் நடை. அரண்மனையிலிருந்து சயாஜிராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபம் வரை, ஊர்வலம் போகிற அதே வழி. முதலில் வெறும் நடை. அப்புறம் மெத்தையும் மணல்மூட்டைகளும். மூட்டைகளின் எண்ணிக்கை படிப்படியாகக் கூடும். கடைசியில் மரத்தாலான அம்பாரியை ஏற்றி நடத்துவார்கள். இதற்கிடையில் பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்குவதும் உண்டு. தங்க அம்பாரி ஏறுவது விஜயதசமி அன்றுதான். அன்று யானைக்கு அது புது எடை இல்லை, புதுச் சத்தமும் இல்லை, புதுப் பாதையும் இல்லை.

ஊர்வலத்தில் இரண்டு பக்கமும் இரண்டு பெண் யானைகள் ஒட்டி நடக்கும். கும்கி என்கிறார்கள். நம்ம சினிமா புண்ணியத்தில் கும்கி என்றால் காட்டு யானையை விரட்டும் முரட்டு ஆண் யானை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே அது தைரியம் சொல்லும் துணை. கூடவே நடக்கிற பாகன்களின் கண் கூட்டத்தின் மேல் இல்லை, அம்பாரியின் சாய்வின் மேல் இருக்கும். 50 மைல் விதி இங்கே ஒவ்வொரு அடிக்கும் நடக்கிறது.

லாரி ஏறும் யானை

இதில் ஒரு வேடிக்கையான திருப்பம். காட்டிலிருந்து யானைகள் நகரத்துக்கு வருவதைக் கஜபயணம் என்று விழாவாகவே எடுக்கிறார்கள். நாகரஹொளே ஓரத்தில், ஹுன்சூர் தாலுகா வீரனஹொசஹள்ளியில் பூஜை போட்டு வழியனுப்புவார்கள். ஒரு காலத்தில் அங்கிருந்து மைசூர் வரை சுமார் 70 கிலோமீட்டர் நடந்தே வந்தன. இப்போது கொஞ்ச தூரம் சடங்குக்கு நடந்துவிட்டு லாரி ஏறுகின்றன. அதாவது, அம்பாரிக்கு வண்டியாகப் போகிற யானை, தானே ஒரு வண்டியில் சரக்காக வருகிறது. ஐந்து டன் சரக்கு, தானாக எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொள்ளும் சரக்கு. எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது? அந்த 0.8, 0.5 எல்லாம் அசையாத சரக்குக்குப் போட்ட கணக்கு. இங்கே டிரைவர் நிதானமாக ஓட்டுவதுதான் முதல் கட்டு.

தகடு இல்லாத வண்டி

ஒவ்வொரு டிரெய்லரிலும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். இவ்வளவு எடைக்கு மேல் ஏற்றாதே என்று. யானைக்கு அப்படித் தகடு கிடையாது. அதனால் யானைகளின் பெயர்களையும் வருடங்களையும் வரிசையாகப் பார்த்தால்தான் கொஞ்சம் புரியும்.

துரோணா பதினெட்டு முறை அம்பாரி சுமந்தான். 1998-ல் காட்டில் மேயும்போது மின்கம்பி பட்டு இறந்தான். 1999-லிருந்து 2011 வரை பலராமன். வயதாகி, 2023 மே மாதம் இறந்தான். 2012-லிருந்து 2019 வரை எட்டு முறை அர்ஜுனன். 2020-லிருந்து அபிமன்யு. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் ஊர்வலம் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்தது. 2025 வரை அபிமன்யுதான் சுமந்தான்.

அர்ஜுனன் ஏன் நிறுத்தப்பட்டான்? 60 வயதைக் கடந்த யானைக்குப் பாரம் ஏற்றக் கூடாது என்ற விதி. நல்ல விதி. டிரெய்லர் தகடுக்கு மிக நெருக்கமாக நாம் எழுதி வைத்திருப்பது அது ஒன்றுதான். ஆனால் பாருங்கள், 2023 டிசம்பர் 4-ம் தேதி ஹாசன் மாவட்டம் சக்லேஷ்பூர் பக்கம் காட்டு யானைகளைப் பிடித்து ரேடியோ காலர் மாட்டும் வேலைக்கு அதே அர்ஜுனனைக் கொண்டு போனார்கள். ஒரு காட்டு ஆண் யானை தாக்கியதில் அவன் அங்கேயே இறந்தான். கர்நாடகமே அழுதது. முதுகில் ஒரு டன் ஏற்றக் கூடாத வயது என்று சொன்ன நாம், மதம் கொண்ட யானைக்கு முன்னால் நிறுத்தக் கூடாத வயது என்று சொல்லவில்லை. விதி பாரத்தைப் பற்றி மட்டும் பேசியது. யானையைப் பற்றிப் பேசவில்லை.

அம்பாரியை யானை மேல் ஏற்றவே கூடாது, தேரில் வைத்து இழுக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்ததால் தேரின் பெருமை குறைந்துவிடவில்லை. மறுபக்கம், இந்த ஊர்வலம் நின்றால் அந்தக் கயிறு கட்டும் கையும் ஒரு தலைமுறையில் மறந்துபோகும் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யானை பக்கம்தான் நிற்பேன். ஒத்திகைக்கு உபயோகிக்கிற மர அம்பாரி தங்க அம்பாரியை விட நிறைய லேசு. அம்மனை அதில் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் நம்பிக்கை. தங்கம் அரண்மனைக் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கட்டும். கட்டுகிற கைக்கும் வேலை இருக்கும், முதுகுக்கும் பாரம் குறையும்.

அதுவரை, அடுத்த விஜயதசமி அன்று டிவியில் ஊர்வலம் போனால், கேமரா தங்கத்தைக் காட்டும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு தெரியும். அதைக் கட்டியவர் பெயர் எந்தச் சேனலிலும் வராது. யானைக்குப் பக்கத்தில், ஒரு கையைக் கயிற்றுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு நடந்து போகிறார் பாருங்கள், அவராகத்தான் இருக்கும்.